சுவர் இருந்தால்தான் சித்திரம்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, நான்காம் வகுப்பில் எனக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்து, இன்று பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் என் ஓவிய ஆசிரியர் அவர்களே, ஒலிபெருக்கி அமைத்த தம்பியே, வணக்கம். பொன்னாடை போர்த்தியவர்களுக்கு நன்றி. இந்த வெயிலில் அதைக் கழற்றிவைக்க விட்டவர்களுக்குக் கூடுதல் நன்றி.

மூன்று செய்திகள் பேச வந்தேன்: ஈரச் சுவரில் எழுதிய முறை, தஞ்சையில் கிடைத்த புதையல், சித்தன்னவாசல் குகைக்கோயிலில் தீட்டிய தாமரைக்குளம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். ஈரச்சுவர் ஓவியனுக்குச் சுவர் மட்டும் போதாது. சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அது காய்வதற்குள் காவிக்கல், மஞ்சட்கல் பொடிகளை நீரில் குழைத்துத் தீட்டவேண்டும். பசை தேவையில்லை. சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது வண்ணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கை பிசகினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான்.

1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய இருட்டறைக்குள் 1931-இல் விளக்கோடு நுழைந்தார் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி. கண்ணில் பட்டவை நாயக்கர் காலத்து ஓவியங்கள். அவை உதிர்ந்திருந்த இடங்களில் அடியிலிருந்து சோழர் ஓவியம் எட்டிப்பார்த்தது. வெள்ளை யானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்! பின்னாளில் தொல்லியல் துறை மேலடுக்கையும் பாழாக்காமல் பெயர்த்துப் பலகையில் பதித்துக் காத்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் எங்கள் ஊரில் நடந்தது வேறு. பெயர் சொல்லமாட்டேன், ஊரார் இருவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். குடமுழுக்குக்கு முன் மண்டபச் சுவரில் இருந்த பழைய ஓவியத்தின்மேல் டிஸ்டெம்பர் அடித்துவிட்டார்கள். நான் போய்க் கத்தினேன். திருப்பணிக்காரர் பொறுமையாகச் சொன்னார்: “ஐயா, அழுக்காக இருந்தது, சுத்தம் செய்தோம்.” ஐப்பசி மழை வந்தது. சுவர் ஓதம் ஏறி டிஸ்டெம்பர் உரிந்தது. ஒரு கை அகலத்துக்கு உரிந்த இடத்தில் ஒரே ஒரு யானைக் கண்! வாசலில் பூ விற்கும் பாட்டி பார்த்துவிட்டார். மறுநாள் கண்ணுக்குக் கீழே ஒரு விளக்கு. அடுத்த வாரம் அறுகம்புல், கொழுக்கட்டை. பரீட்சைப் பிள்ளைகள் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார்கள். ‘ஒற்றைக்கண் பிள்ளையார்’ என்று பெயரும் வந்தது. உண்டியல் வைக்கலாமா என்று திருப்பணிக்காரரே என்னிடம் யோசனை கேட்டார்! நான் சொன்னேன்: “அது பிள்ளையார் இல்லை ஐயா, யாரோ ஒரு ராஜா ஏறிப் போகிற யானை. மிச்சத்தையும் பார்க்க ஆள் கூப்பிடுங்கள்.” பிள்ளையார் இல்லை என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. தை பிறந்ததும் எனாமல் அடித்துவிட்டார்கள்.

சுவர் இருந்தது, ஐயா! சித்திரமும் இருந்தது!

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தாமரைக்குளம் அடுத்த கூட்டத்துக்கு. திருப்பணிக்கு முன் ஒவ்வொரு பழைய சுவரையும் ஓவியப் பாதுகாப்பு அறிந்தவர் பார்த்த பிறகே தூரிகை படவேண்டும் என்று கேட்கும் மனு, பின்னால் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா கட்டியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.