பேர் சொல்லாததும் ஒரு படிவமும்

நேயர்களுக்கு வணக்கம். மதுபானத்தைப் பற்றி ரேடியோவில் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். தொழிலுக்காக நுனி நாக்கில் வைத்துத் துப்பியதோடு சரி, ஒரு மடக்கு விழுங்கினவன் இல்லை நான். அமெரிக்காவில் வாசனைச் சரக்கு கலந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேதியியலாளனாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பீர், ஒயின், விஸ்கி செய்கிறவர்கள் எங்களிடம் வருவார்கள்.

அந்த ஊரில் வழக்கமில்லாத ஒரு பொருளை மதுபானத்தில் போட நினைத்தால், எதை, எவ்வளவு, எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்று எழுதி மத்திய அரசிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். லேபிளுக்குத் தனியாக இன்னொரு ஒப்புதல். சுகாதாரத் துறைதானே தரும் என்று நினைப்பீர்கள். தருவது நிதித் துறை. அதன் கீழே டிடிபி என்று மூன்றெழுத்தில் ஒரு பணியகம், மதுவுக்கும் புகையிலைக்கும் வரி வாங்குகிற இடம். பீருக்கு ஒரு வரி, ஒயினுக்கு ஒரு வரி, காய்ச்சி வடித்த சரக்குக்கு எல்லாவற்றையும் விடக் கூடுதல். அதனால் புட்டிக்குள் இருப்பது என்ன ஜாதி என்று தெரிந்தாக வேண்டும்.

வெனிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பீரில் வெனிலாக் காயை முழுசாகப் போட்டு ஊறவைத்தால் தொந்தரவில்லை. வெனிலா எசென்ஸ் ஊற்றினால் படிவம் எழுத வேண்டும். ஏன்? எசென்ஸே ஆல்கஹாலில் இறங்கிய சாறு. பீர் வரியைக் கட்டிவிட்டு வடித்த சரக்கை விற்கிறாயா என்ற சந்தேகம் அவர்களுக்கு. இஞ்சி, இலவங்கப்பட்டை, தனியா, ஆரஞ்சுத் தோல், காப்பிக்கொட்டை இதெல்லாம் பீரில் போடச் செய்முறை ஒப்புதல் வேண்டாம் என்று 2014இல்தான் ஒரு பட்டியல் போட்டார்கள். நம்ம ரசத்துக்குப் போடுகிற தனியாவுக்கு!

சரி, என் கதைக்கு வருகிறேன். பிட்டர்ஸ், அதாவது மூலிகைகளை ஊறவைத்துக் கசப்பேற்றிய சரக்கு, ஒன்று வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தார். பழைய ஐரோப்பியச் செய்முறைகளைப் புரட்டினபோது கலாமஸ் வேர் என்று கண்ணில் பட்டது. வரவழைத்து ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அப்பத்தா வீட்டு அஞ்சறைப் பெட்டி வாசனை. வசம்பு! விளக்குத் தீயில் சுட்டு, அந்தக் கரியைத் தாய்ப்பாலில் உரசிக் குழந்தை நாக்கில் தடவுவார்களே, அதே வசம்பு. பொழுது சாய்ந்துவிட்டால் அப்பத்தா அதன் பெயரைச் சொல்ல மாட்டார். "பேர் சொல்லாததை எடுத்தாடா" என்பார். இந்த உரை ராத்திரி ஒலிபரப்பானால் மன்னித்துவிடுங்கள், நான் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

பெருமையாகச் செய்முறைத் தாளில் எழுதினேன். எங்கள் பிரிவில் வயதான ஒரு அம்மா இருந்தார், படிவங்களை அனுப்புமுன் அவர்தான் பார்ப்பார். சிவப்பு பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் 1968 என்று மட்டும் எழுதித் திருப்பினார். அந்த வருடம்தான் அங்கே உணவு, மருந்து நிர்வாகம் கலாமஸை உணவில் சேர்க்கவே கூடாது என்று தடுத்தது. அங்கே தடை என்றால் நிதித் துறையிலும் கதவு திறக்காது. தேடிப் பார்க்காதது என் தப்புதான்.

ஆனால் விட மனசில்லை, தோண்டினேன். வசம்பு எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், கட்டி வந்திருக்கிறது. எந்த வசம்பு தெரியுமா? ஜம்மு வசம்பு. நம் நாட்டுச் சரக்கு! அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் ஏராளம், கேடு அதில்தான். நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் இப்போது வசம்பை வாயில் வைக்காதீர்கள் என்று சொல்வதும் சும்மா இல்லை. அப்பத்தா கேட்டால் சண்டைக்கு வருவார், அது வேறு. ஐரோப்பிய வசம்பில் அந்த பீட்டா அசரோன் குறைவு. அமெரிக்காவில் தானாக முளைக்கிற வசம்பில் அது கிடையவே கிடையாது. இருந்தும் மூன்றுக்கும் ஒரே தடை.

இங்கேதான் எனக்கு முப்பது வருடமாக ஒரு வழக்கு. செடியின் பேரைப் பார்த்துத் தடுப்பதா, செடிக்குள் இருக்கும் பொருளை அளந்து தடுப்பதா? ஐரோப்பாவில் அளக்கிறார்கள். மதுபானம் ஒரு கிலோவுக்கு பீட்டா அசரோன் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவுக்கும் அளக்கத் தெரியாமல் இல்லை. அப்சிந்த் என்று பச்சை நிறச் சரக்கு ஒன்று. குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று 1912இல் தடுத்தார்கள். 2007இல் திரும்ப உள்ளே விட்டார்கள். எப்படி? அதில் போடும் கசப்பு மூலிகையிலிருந்து வரும் துஜோன் என்ற பொருள் பத்து லட்சத்தில் 10 பங்குக்குள் இருக்கிறதா என்று அளந்துதான். திரும்பவும் சொல்கிறேன், அளந்துதான். எட்டிக்காய் மாதிரிக் கசக்கும் அந்த அப்சிந்த் மூலிகைக்குக் கிடைத்த நியாயம் வசம்புக்குக் கிடைக்கவில்லை.

போலந்து வோட்கா ஒன்றில் புல் போட்டதால் வந்த தகராறையும் சொல்ல நினைத்திருந்தேன்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடமாம். அப்போ காஃபீன் கதையை மட்டும் ஒரே மூச்சில். 2010 நவம்பரில் அதே உணவு, மருந்து நிர்வாகத்திலிருந்து நான்கு கம்பெனிகளுக்குக் கடிதம் போயிற்று, பீர் வகைப் பானத்தில் தனியாகக் காஃபீன் சேர்ப்பது பாதுகாப்பில்லை என்று. குடித்தவனுக்குப் போதை ஏறியதே தெரியாது, அதனால். காப்பிக்கொட்டை ஊறிய பீர் மட்டும் இன்றும் கடையில் இருக்கிறது. ஏன் என்று விளக்க நேரமில்லை.

ஆங், அந்த பிட்டர்ஸ். வசம்புக்குப் பதிலாக ஏஞ்சலிகா வேரைப் போட்டோம். ஒப்புதல் வந்துவிட்டது. வாசனைதான் வரவில்லை. வணக்கம்.