மும்பைக்கு வர வேண்டிய பறவை

எல்லோருக்கும் வணக்கம். மாட்டுங்காவில் இந்த அரங்கின் படியேறும்போது பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஏம்மா, பறவை பார்க்க ஸ்காட்லாந்து வரைக்கும் போகணுமா, நம்ம சிவ்ரியிலேயே பூநாரை வருதே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐயா முன்வரிசையில்தான் இருக்கிறார், அவருக்குச் சொல்கிற பதிலாகவே இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது ஃபேர் ஐல் என்கிற தீவு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து என்று இரண்டு தீவுக்கூட்டங்கள் உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் தனியாகக் கிடக்கிறது. நீளம் 5 கிலோமீட்டர்கூட இல்லை, அகலம் அதில் பாதி, குடியிருப்பவர்கள் ஐம்பது அறுபது பேர். 2018 செப்டம்பர் கடைசியில் போனேன். ஷெட்லாந்திலிருந்து சின்ன விமானம் ஒன்று 25 நிமிஷத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் பனிமூட்டமும் காற்றும் சேர்ந்து இரண்டு நாள் அதைக் கிளம்பவே விடவில்லை. மூன்றாம் நாள் படகு. 'குட் ஷெப்பர்ட்' என்று பெயர், 12 பேர்தான் ஏறலாம், இரண்டரை மணி நேரப் பயணம். அட்லாண்டிக்கும் வட கடலும் சந்திக்கிற இடம் அது, நீரோட்டங்கள் மோதிக்கொள்கிற இடத்தில் படகு மேலே போகிறதா கீழே போகிறதா என்றே தெரியவில்லை, கம்பியைப் பிடித்த கையை நான் கடைசிவரை எடுக்கவில்லை. கரை சேர்ந்ததும் அந்தப் படகையே வடம் கட்டித் தண்ணீருக்கு வெளியே இழுத்து ஏற்றிவிட்டார்கள். துறையில் விட்டுவைத்தால் அலை அடித்து உடைத்துவிடுமாம். குளச்சலில் கட்டுமரங்களை மணல்மேல் இழுத்துப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்த ஒரு காட்சியிலேயே ஊர் பிடித்துப்போயிற்று.

சரி, இவ்வளவு புயலடிக்கிற இடத்துக்குப் பறவை பார்க்கிறவர்கள் ஏன் போகிறார்கள்? அந்தக் காற்றுக்காகத்தான் போகிறார்கள். இலையுதிர் காலத்தில் வடக்கு ஐரோப்பாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் சிறு பறவைகள் லட்சக்கணக்கில் வலசை கிளம்பும், பெரும்பாலும் இரவில்தான் பறக்கும். அந்த நேரத்தில் கிழக்குக் காற்று பிடித்து, கூடவே மழையும் வந்தால், பறவைகள் கடலுக்கு மேல் தள்ளப்பட்டுவிடும். விடியும்போது கீழே தெரிகிற ஒரே தரை இந்தத் தீவு. அங்கே மரம் கிடையாது என்றே சொல்லலாம், அதனால் கல் சுவர் இடுக்கு, வாய்க்கால், உருளைக்கிழங்குப் பாத்தி, எங்கே ஒதுங்க முடியுமோ அங்கே விழுந்து கிடக்கும். இதுவரை 380 இனங்களுக்கு மேல் அந்தத் துண்டு நிலத்தில் பதிவாகியிருக்கின்றன. ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்தபோதே இங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைக்கத் திட்டம் போட்டார். 1947இல் தீவையே விலைக்கு வாங்கி, 1948இல் நிலையத்தைத் தொடங்கிவிட்டார். முள்வேலிக்கு உள்ளே உட்கார்ந்து அதை நினைத்திருக்கிறாரே, அதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி, நான் இங்கே சொல்ல வந்த விஷயம். நான்காம் நாள் தூறலில் ஒரு கல் சுவரை ஒட்டிப் பத்துப் பேர் மூச்சுக் காட்டாமல் நின்றுகொண்டிருந்தோம். காஞ்சொறிச் செடிக்குள் ஏதோ அசைகிறது, வெளியே வரவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து ஒரு சத்தம், 'டக்'. கொஞ்சம் விட்டு மறுபடியும் 'டக்'. மற்றவர்கள் பைனாகுலரைத் தூக்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. நம் மாஹிம் இயற்கைப் பூங்காவில், தாராவிக்குப் பக்கத்தில், குளிர்காலம் முழுக்கப் புதருக்குள்ளிருந்து கேட்கிற சத்தம் அது. பிளித் நாணல் கதிர்க்குருவி.

பார்க்க ஒன்றும் இருக்காது. மங்கிய பழுப்பு, கோடு கிடையாது, பொட்டு கிடையாது, எடை மூன்று ஒரு ரூபாய் நாணயம். பின்லாந்திலிருந்து சைபீரியா வரைக்கும் கூடு கட்டும், அப்புறம் தென்கிழக்கே திரும்பி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துவிடும். அதன் பெயரில் இருக்கிற எட்வர்ட் பிளித்கூடக் கல்கத்தாவில் ஆசியக் கழகத்து அருங்காட்சியகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்தான். பிரிட்டனில் இந்தக் குருவி முதன்முதலாகப் பதிவானது இதே தீவில், 1910இல். அம்மா அப்பா வழிகாட்டி இது வருவதில்லை, திசை பிறவியிலேயே வருவது, முதல் தடவை கிளம்புகிற குஞ்சுகளில் சிலவற்றுக்கு அந்தத் திசை பிசகிவிடும், கூடவே காற்றும் தள்ளினால் இப்படி. என் பக்கத்தில் நின்ற இங்கிலாந்துக்காரர் ஒருவர் இதைப் பார்க்கவே மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தாராம், கண் கலங்கிவிட்டார். நானும்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. அந்த வாரம் அது நம் பக்கம் வந்துகொண்டிருக்க வேண்டிய பறவை ஐயா.

வலையில் பிடித்து, சின்னத் துணிப்பையில் போட்டு எடை பார்த்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். மறுநாள் காலை வானம் தெளிந்திருந்தது, செடிக்குள் சத்தம் இல்லை.

அந்த ஆய்வு நிலையத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்த ஒவ்வோர் இனத்தின் பெயரையும் வாசிப்பார்கள், யார் எத்தனை பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள். காக்கை என்றாலும் எண்ணிக்கை கேட்பார்கள். நான் திரும்பி வந்த ஆறு மாதத்தில், 2019 மார்ச் 10 அன்று, அந்தக் கட்டிடம் தீப்பிடித்து எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை. அத்தனை வருஷப் பறவைக் கணக்கும் கணினியில் ஏறியிருந்ததால் தப்பியது. செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாஹிம் பூங்கா ஒரு காலத்தில் ஊர்க் குப்பை கொட்டிய மேடு, உங்களில் பலருக்கு அந்த நாற்றம் நினைவிருக்கும். அங்கே இன்றைக்குப் பின்லாந்துக் குருவி வந்து மாதக்கணக்கில் தங்குகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு திறந்ததும் நான் உள்ளே போகிறேன். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை, என்னிடம் இரண்டு இருக்கிறது. ஐயா, நீங்களும் வாருங்கள், வலது பக்கப் பாதையில் புதர் ஓரமாக நின்றால் போதும், அதுவே கூப்பிடும்.