நெகட்டிவ் என்றால் நல்ல செய்தியா?

நேயர்களுக்கு வணக்கம். பெப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம் என்பதால் இந்தக் கிழமை பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் டொக்டர் இல்லை. புற்றுநோய் வார்டில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதனால் மருந்துகளைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. கட்டிலோரத்தில் ஆட்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

படுவான்கரையிலிருந்து ஒரு வயல்காரர் வந்திருந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மனைவிக்கு மார்பில் ஒப்பரேஷன் முடிந்து ரிப்போர்ட் வந்த நேரம். விடியக் காலை நான் டியூட்டிக்குப் போனபோது வார்டுக்கு வெளியே வாங்கிலில் இருந்தார். இரவு முழுக்க நித்திரை இல்லை என்று முகத்தில் தெரிந்தது. சொப்பிங் பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து, அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். "புள்ள, இதில நெகட்டிவ் எண்டு எழுதிக் கிடக்காம். ஆள் தப்பாதோ?" என்று கேட்டார்.

கமக்கட்டில் எடுத்துப் பார்த்த நெறிக்கட்டிகளில் நோய் பரவவில்லை என்பதைத்தான் அந்தச் சொல் சொன்னது. நல்ல செய்தி! பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒரு தம்பி இங்கிலீசை வாசித்துச் சொல்லியிருக்கிறார். நெகட்டிவ் என்றால் கூடாதது என்று இவர் எடுத்துக்கொண்டார். மூன்று தரம் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகுதான் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அந்த ஓர் இரவு அவருக்கு வீணாகப் போனது எனக்கு இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. கிளினிக் நாளில் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். டொக்டரிடம் ஓர் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிஷம். கேள்வியெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். அப்போது யாரைக் கேட்பது?

இந்தக் குறை நமக்கு மட்டும் உள்ளதல்ல. இங்கிலாந்தில் விக்கி கிளெமென்ட்-ஜோன்ஸ் என்று ஒரு டொக்டர் இருந்தார். அவருக்கே சூலகப் புற்றுநோய் வந்தது. வைத்தியம் படித்த தனக்கே நோயாளியாகப் படுத்த பிறகு விளக்கம் போதவில்லை என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்து, 1985இல் பேக்கப் என்ற அமைப்பைத் தொடங்கினார். போன் எடுத்தால் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்வார். இரண்டு வருஷத்தில் அவர் இறந்துவிட்டார், போன் நிற்கவில்லை. அமெரிக்காவில் இப்படியான சேவை 1970களிலேயே வந்துவிட்டது. ஜேர்மனியில் ஹைடல்பேர்க் நகரத்தில் 1986இல் தொடங்கினார்கள்.

இந்தச் சேவைகள் சில விஷயங்களில் மிகக் கண்டிப்பு. உனக்கு இந்த நோய்தான் என்று போனில் சொல்ல மாட்டார்கள். அந்த மருந்தை நிற்பாட்டு என்றும் சொல்ல மாட்டார்கள். டொக்டர் சொன்னதை விளங்க வைப்பார்கள், அடுத்த முறை அவரிடம் எதைக் கேட்கலாம் என்று எடுத்துக் கொடுப்பார்கள். கேட்டவரின் பெயர் வெளியே போகாது. நம் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். "மகளுக்கு இன்னும் சம்பந்தம் முடியல்ல, ஊருக்குத் தெரிய வேணாம்" என்று மார்பில் கட்டியை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன்.

1996இல் இந்த நாடுகளின் சேவைகள் ஒன்றாகச் சேர்ந்து சர்வதேசப் புற்றுநோய்த் தகவல் சேவைக் குழு என்று ஒன்றை அமைத்தன. ஏன் சேர வேண்டும்? கேள்விகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான்! கத்தி பட்டால் நோய் பரவுமா, இது தொற்றுமா, சீனி சாப்பிட்டால் கட்டி வளருமா? காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் என்னைக் கேட்ட இதே கேள்விகளுக்கு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் மக்களுக்கும் பதில் எழுதி வைத்திருக்கிறது. பரிசோதனைக்குத் துண்டு எடுப்பதால் நோய் பரவுவது மிக மிக அரிது. நோய் தொற்றாது, ஒரே கோப்பையில் சாப்பிடலாம், பிள்ளையைக் கொஞ்சலாம். ஓர் இடத்தில் ஆராய்ந்து எழுதிய பதிலை இன்னோர் இடம் வாங்கித் தன் மொழியில் சொன்னால் போதும். மும்பாயில் ஜாஸ்கேப் என்ற அமைப்பு அப்படித்தான் செய்தது. பேக்கப்பின் சிறு புத்தகங்களை அனுமதியோடு வாங்கி இந்திய மொழிகளில் கொடுத்தது.

ஆனால் மொழிபெயர்த்தால் மட்டும் சரி வராது. 'கதிர்வீச்சுச் சிகிச்சை' என்று எழுதிக் கொடுத்தால் நம் ஆட்கள் தலையாட்டுவார்கள், பிறகு வெளியே வந்து, "கரண்ட் பிடிக்கிறதப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே" என்பார்கள். இரண்டும் ஒன்றென்று யாராவது சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 'செவிலியர்' என்று இருந்தால் வாகரைக் கிழவி யாரைத் தேடுவார்?

வெற்றிலையை எடுங்கள். நம் இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். "நான் போயிலை போடுறல்ல மிஸ், வெறும் பாக்கும் வெத்திலையும்தான்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! பிரான்சில் லியோன் நகரத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது கூட்டிய பல நாட்டு விஞ்ஞானிகள் 2003இல் ஆய்வுகளைப் பரிசீலித்து, புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு சொன்னார்கள். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு நீட்டுகிற நமக்கல்லவா அது முதலில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்? வாயில் புண் மூன்று கிழமையாகியும் ஆறவில்லையா, வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிகிறதா, வாய் முன்போலத் திறக்க முடியவில்லையா? நோகாவிட்டாலும் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் டொக்டரிடம் போய்க் காட்டுங்கள். காசு கேட்க மாட்டார்கள். தாய்மார்களே, முப்பத்தைந்து வயதானால், பெண்களுக்கு நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் ஊர்க் குடும்பநலத் தாதியிடம் கேட்டால் சொல்லுவார்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். எங்கள் சொல்லில் பதில் எழுத வேண்டுமானால் எங்கள் கேள்விகள் வேண்டும். வார்டில் கேட்டவற்றை நான் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், பாதிதான் நிரம்பியிருக்கிறது. உங்கள் வீட்டில் இந்த நோய் வந்திருந்தால், அன்றைக்குக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வியை, பேசுகிற மாதிரியே எழுதி இந்த வானொலி நிலையத்துக்கு அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம், ஊரும் வேண்டாம். டொக்டர்மாரிடம் காட்டிச் சரிபார்த்த பதில்களை வானொலி நிலையத்தார் இதே நேரத்தில் வாசிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். முதல் கேள்வியாக அந்த வயல்காரரின் கேள்வியை நான் எழுதியாயிற்று.

வணக்கம்.