சார்பு என்னும் சொல்

வணக்கம். இயற்கணிதத்தில் உறவு, சார்பு என்னும் இரண்டு சொற்களைப் பற்றியும், அவற்றை ஒட்டியே வரும் மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம் ஆகியவற்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். கரும்பலகை இல்லாமல் கணிதம் பேசுவது சற்றுச் சங்கடந்தான். ஆனால் இந்தப் பாடத்தில் மாணவர்கள் இடறுவது பெரும்பாலும் கணக்கில் அன்று, சொல்லில் என்பதால், காதால் கேட்டே பலவற்றைத் தெளிந்துகொள்ளலாம்.

இரண்டு கணங்களை எடுத்துக்கொள்வோம். முதற்கணத்திலிருந்து ஓர் உறுப்பையும் இரண்டாம் கணத்திலிருந்து ஓர் உறுப்பையும், முன்னது பின்னது என்னும் முறை மாறாமல் சேர்த்தால் கிடைப்பது வரிசைச் சோடி. அத்தகைய சோடிகள் அனைத்தும் அடங்கியது கார்ட்டீசியன் பெருக்கல். அந்தப் பெருக்கலின் எந்த உட்கணமும் ஓர் உறவு. உறவு என்றதும், சோடிகளுக்குள் ஏதேனும் ஒரு பொருத்தம் இருந்தாக வேண்டும் என்று நம் மனம் எதிர்பார்க்கிறது. கணிதம் அப்படி எதையும் கேட்பதில்லை. சோடிகளை மனம்போன போக்கில் பொறுக்கி எடுத்தாலும் அது உறவே. ஒன்றைக்கூட எடுக்காமல் விட்டாலும் அதுவும் உறவாகவே எண்ணப்படும்.

சார்பு அவ்வளவு தாராளமானதன்று. முதற்கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டாம் கணத்தில் இணை இருக்க வேண்டும். அந்த இணையும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். முதற்கணத்தில் 3 உறுப்புகளும் இரண்டாம் கணத்தில் 2 உறுப்புகளும் இருந்தால், 6 சோடிகளைக் கொண்டு 64 உறவுகளை அமைக்கலாம். அவற்றுள் சார்பு என்னும் பெயருக்குத் தகுதி பெறுபவை 8 மட்டுமே.

இந்த நிபந்தனையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. ஒருவரைச் சொன்னால் அவரைப் பெற்ற தாயைச் சொல்லலாம், அது சார்பு. உடன்பிறந்த இருவருக்குத் தாய் ஒருவரே என்பதனால் அதற்குக் குறை ஒன்றும் இல்லை. மாறாக, தாயைச் சொல்லிப் பிள்ளையைக் கேட்டால், பல பிள்ளைகளைப் பெற்றவருக்கு விடை ஒன்றாக இராது. ஆகவே அது உறவாக நிற்கும், சார்பாகாது. பலர் ஒருவரிடம் வந்து சேரலாம், ஒருவர் பலரிடம் பிரிந்து போகக் கூடாது.

சார்பு என்னும் தமிழ்ச் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்று மற்றொன்றைச் சார்ந்து மாறுவது என்னும் பொருள் அதில் ஒலிக்கிறது. சொல் அழகானதுதான், எனினும் சில நேரங்களில் வழி தவறச் செய்கிறது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் 5 என்றே விடை தரும் மாறிலிச் சார்பில் எதுவும் எதையும் சார்ந்து மாறவில்லை, ஆயினும் அது முறையான சார்பு. வாய்பாடு இருந்தாக வேண்டும் என்னும் எண்ணமும் இத்தகையதே. 1748-இல் வெளியான தம் நூலில் கணித அறிஞர் ஆய்லர் சார்பை ஒரு கோவையாகவே, அதாவது வாய்பாடாகவே, வரையறுத்தார். 1829-இல் மற்றொரு கணித அறிஞரான டிரிஷ்லே, விகிதமுறு எண்களுக்கு ஒரு மதிப்பும் விகிதமுறா எண்களுக்கு வேறொரு மதிப்பும் தரும் சார்பை முன்வைத்தபோது, வரைந்து காட்டவும் இயலாத ஒன்று சார்புகளின் கூட்டத்தில் வந்து அமர்ந்தது.

எஞ்சிய சொற்கள் இனி எளியவை. முதற்கணம் மதிப்பகம், இரண்டாம் கணம் துணை மதிப்பகம். மதிப்பகத்தின் உறுப்பு முன்னுரு, அதற்கு இணையாக வருவது நிழலுரு. நிழலுருக்கள் மட்டும் சேர்ந்தது வீச்சகம். துணை மதிப்பகம் விடைகள் இருக்கக்கூடிய இடம், வீச்சகம் விடைகள் உண்மையில் இருக்கும் இடம். இரண்டும் ஒன்றானால் அது மேல் சார்பு. வேறுபட்ட முன்னுருக்களுக்கு வேறுபட்ட நிழலுருக்களே கிடைத்தால் ஒன்றுக்கொன்றான சார்பு. இவ்விரு தன்மைகளும் கூடினால் இருபுறச் சார்பு. அதற்கு மட்டுமே நேர்மாறு, அதாவது நிழலுருவிலிருந்து முன்னுருவுக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் சார்பு, உண்டு.

மதிப்பகத்தை ஏதோ அடிக்குறிப்பு போலக் கருதி விட்டுவிடுகிறவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு. ஓர் எண்ணுக்கு அதன் வர்க்கத்தைத் தரும் விதியை எல்லா மெய்யெண்களின்மீதும் செலுத்தினால், 3-க்கும் 9, குறை 3-க்கும் 9. ஆகையால் 9-இலிருந்து திரும்பிச் செல்ல ஒரே வழி இல்லை. அதே விதியின் மதிப்பகத்தையும் துணை மதிப்பகத்தையும் குறையற்ற மெய்யெண்களாக, அதாவது சுழியும் அதற்கு மேற்பட்டவையுமாக, சுருக்கினால் நேர்மாறு கிடைத்துவிடுகிறது. விதி மாறவில்லை, சார்பு மாறிவிட்டது. அந்த நேர்மாறுதான் வர்க்கமூலம். வர்க்கம் 9 ஆகும் எண் எது என்று கேட்டால் 3, குறை 3 என இரண்டு விடைகளையும் எழுத வேண்டும் என்பதும், வர்க்கமூலக் குறியிட்டு 9 எழுதப்பட்டிருந்தால் 3 என்று மட்டுமே எழுத வேண்டும் என்பதும் முரணாகத் தோன்றினாலும், முதலாவது தீர்வுகளைத் தேடும் கேள்வி, இரண்டாவது ஒரு சார்பின் மதிப்பு.