பொதுக் கொள்கைத் துறையில் முதல் வேலை: மதுரைப் பட்டதாரியின் ரெஸ்யூமில் எந்த வரி மேலே வர வேண்டும்?

[திரையில்: இரண்டு பக்க ரெஸ்யூம். கடைசியில் உள்ள ‘என்.எஸ்.எஸ். முகாமில் பங்கேற்றேன்’ என்ற வரி மட்டும் மஞ்சளில்]

வணக்கம். மஞ்சளில் தெரியும் வரியைப் பாருங்கள். மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் பொருளாதாரம், சமூகப்பணி, அரசியல் அறிவியல் படித்தவர்களின் ரெஸ்யூம்களில் இந்த வரி பெரும்பாலும் பொழுதுபோக்குகளுக்குக் கீழே ஒதுங்கிக் கிடக்கிறது. அரசின் சட்டங்களையும் திட்டங்களையும் ஆராயும் கொள்கைத் துறையில் வேலை தேடுகிறீர்கள் என்றால் முதல் பக்கத்துக்கு வர வேண்டியது இதுதான்.

ஏன் என்றால், ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தால் முதல் வருடம் முழுக்க என்ன வேலை? ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டுவது, அரசாணையைப் படித்துப் புரிந்துகொள்வது, எக்செலில் கணக்குப் பார்ப்பது, கண்டதை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது. ஆள் எடுப்பவர் இதற்கெல்லாம் ஆதாரம் தேடுகிறார். என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம், 7 நாள் சிறப்பு முகாம். அத்தனை நேரம் கிராமத்தில் இருந்துவிட்டு ‘பங்கேற்றேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

[திரையில்: பழைய வரி மேலே, புதிய வரி கீழே]

அதை மாற்றி எழுதுவோம். உதாரணத்துக்கு: “கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் 60 வீடுகளில் குடிநீர் பற்றிய கேள்வித்தாளை நிரப்பினேன். பதில்களை எக்செலில் தொகுத்து, கோடையில் குழாய்த் தண்ணீர் வராத தெருக்களின் பட்டியலை ஊராட்சித் தலைவரிடம் குழுவாகக் கொடுத்தோம்.”

இதில் எங்கே, எத்தனை, எப்படி, முடிவில் என்ன என்று எல்லாமே இருக்கிறது. பட்டியல் கொடுத்த பிறகு எதுவும் நடக்கவில்லையா? பரவாயில்லை, பட்டியலோடு நிறுத்துங்கள். ‘பலர் பயனடைந்தனர்’ என்று மட்டும் சேர்க்காதீர்கள். நேர்காணலில் கேள்வி இந்த வரியிலிருந்துதான் வரும். அந்த 60 வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? காலனித் தெருவுக்கும் போனீர்களா? தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் கேட்டீர்களா, திண்ணையில் இருந்த ஆண்களிடமா? உண்மையாகவே செய்தவருக்கு இதற்கெல்லாம் பதில் தெரியும். விட்டுப்போனது என்ன என்று சொன்னாலும் மதிப்பு கூடத்தான் செய்யும்.

சரி, என்.எஸ்.எஸ்.ஸிலும் இல்லை, அனுபவமே இல்லை என்பவர்களுக்கு? உங்கள் ஊர் கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். என்ன தீர்மானம் வந்தது, வரவு செலவை யார் கேள்வி கேட்டார்கள் என்று குறித்து வையுங்கள்.

[திரையில்: அரிட்டாபட்டி மலையும் கண்மாயும்]

அப்புறம், எழுத்து மாதிரி. ரெஸ்யூமில் ‘எழுத்துத் திறன் உண்டு’ என்று போடுவதைவிட இரண்டு பக்கக் கட்டுரைக்கு ஒரு இணைப்பு கொடுப்பது எவ்வளவோ மேல். தலைப்புக்கு டெல்லி போக வேண்டாம், மேலூர் பக்கமே இருக்கிறது. 2022இல் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராட்டச் செய்தியாக எல்லோரும் படித்தோம். நீங்கள் அதன் உள்ளே போங்கள். 2023இல் வந்த கனிமச் சட்டத் திருத்தம் ஏலம் விடும் அதிகாரத்தை யாரிடம் கொடுத்தது? மாநில அரசின் பங்கு எதுவரை? ஊர் மக்களின் கருத்தை எந்தக் கட்டத்தில் கேட்டிருக்க வேண்டும்? இதைத் தெளிவாக எழுதும் ஒரு மதுரைப் பிள்ளைக்குப் பெரிய கல்லூரியின் பெயர் அவ்வளவாகத் தேவைப்படாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பா பெயர், மதம், திருமண நிலை, ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழி, இவையெல்லாம் வேண்டாம். அந்த இடத்தில் மொழித்திறனை விரித்து எழுதுங்கள். ‘தமிழ், ஆங்கிலம்’ என்றால் போதாது. தமிழ் அரசாணையைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கம் எழுத வருமா? அப்படியே எழுதுங்கள். சென்னையிலும் டெல்லியிலும் இருக்கும் ஆய்வுக் குழுக்களுக்கு இந்தத் திறன் உள்ளவர்கள் தேவை.

[திரையில்: ஒரே ரெஸ்யூமின் இரண்டு வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில்]

அனுப்பும்போது ஆளுக்கு ஏற்ப வரிசையை மாற்றுங்கள். மதுரையிலேயே தலைமையிடம் கொண்ட தானம் அறக்கட்டளை கண்மாய்களிலும் மகளிர் குழுக்களிலும் வேலை செய்கிறது. அங்கே கள வரிகள் மேலே இருக்கட்டும். டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற சட்ட ஆய்வு நிறுவனம் நடத்தும் லாம்ப் ஃபெலோஷிப்பில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆராய்ச்சி உதவி செய்ய வேண்டும். அங்கே அரிட்டாபட்டிக் கட்டுரை முதலில் வரட்டும், 60 வீடுகள் அதற்கு அடுத்து.