அரை கிரெடிட்ல உயிர் போச்சு! ஃபேன்டஸி டார்ட்ஸ்ல சேந்தாச்சு மக்களே | பிரீமியர் லீக் 2026 என் டீம்

வணக்கம் மக்களே, நேரா விஷயத்துக்கு வந்துடறேன், ஏன்னா வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. அரை கிரெடிட். அரை கிரெடிட்ங்க! ஃபேன்டஸி டார்ட்ஸ்னா, பலகைல அம்பு எறியுற நிஜ ஆட்டக்காரங்களை நம்ம டீமா எடுத்துக்கிட்டு, அவங்க ஆடுறதுக்கு நமக்குப் பாயிண்ட் வர்ற ஆட்டம். அதுல நூறு கிரெடிட் கையில குடுத்து மூணு ஆளை எடுத்துக்கோன்னு சொல்றாங்க, நான் ஆசை ஆசையா நோட்டுல எழுதி வெச்சிருந்த மூணு பேரையும் போட்டா 100.5 வருது, ஸ்க்ரீன்ல சிவப்பா ஒரு கோடு, சேவ் பட்டன் வேலை செய்யல. முழுசா அஞ்சு கிரெடிட் பத்தலைன்னா கூட விட்ருப்பேன், சரி நமக்கு ஒத்து வராதுன்னு வேற ஆளைப் பாத்திருப்பேன். அரை கிரெடிட்டை எப்படிங்க விடறது?

இருங்க, என்ன ஏதுன்னு சொல்லாம பேசிட்டே போறேன். நம்ம சேனலை ரெகுலரா பாக்குறவங்களுக்குத் தெரியும், ஜனவரி முழுக்க டார்ட்ஸ் டார்ட்ஸ்னு உங்க உயிரை வாங்கினேன், உலகப் போட்டி நடக்குற லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸுக்கு வுட் கிரீன்ல இருந்து டபிள்யூ3 பஸ் புடிச்சுப் போன வீடியோவும் போட்டேன். அதுக்குக் கீழ நிறைய பேர், அக்கா நீங்க ஃபுட்பால்ல ஃபேன்டஸி ஆடுறீங்களே, டார்ட்ஸ்ல ஆட மாட்டீங்களான்னு கேட்டிருந்தீங்க. ஆடுவேன்! சேந்தாச்சு! ஃபுட்பால் ஃபேன்டஸி ஆடுற அதே குரூப்ல பிரீமியர் லீக் டார்ட்ஸுக்குன்னு இந்த சீசன் தனியா ஒரு போட்டி வெக்குறாங்க. காசு கட்ட வேண்டாம், ஃப்ரீ. இதை இப்பவே அழுத்திச் சொல்லிடறேன், ஊர்ல இருந்து பாக்குற தம்பி தங்கச்சிங்க பணம் கட்டி ஆடுற ஃபேன்டஸி பக்கமே போகாதீங்க, 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டத்துல இந்தியாவுல அதுக்கெல்லாம் தடை போட்டாச்சு. இது சும்மா பாயிண்டுக்கும் கெத்துக்கும் ஆடுறது.

பிரீமியர் லீக்னா ஃபுட்பால் இல்ல, குழப்பிக்காதீங்க. டார்ட்ஸ்லயும் அதே பேர்ல ஒண்ணு இருக்கு. எட்டே எட்டு ஆளு. பிப்ரவரில ஆரம்பிச்சு ஒவ்வொரு வியாழக்கிழமை ராத்திரியும் ஒரு ஊரு, லிவர்பூல், கிளாஸ்கோ, டப்ளின், பெர்லின், ராட்டர்டாம்னு 16 ராத்திரி சுத்துவாங்க. ஒரே ராத்திரில காலிறுதி, அரையிறுதி, ஃபைனல் மூணும் முடிஞ்சிடும். ஜெயிச்சவருக்கு 5 பாயிண்ட், ஃபைனல்ல தோத்தவருக்கு 3, அரையிறுதில தோத்தவங்களுக்கு 2, முதல் மேட்ச்லயே தோத்தா முட்டை. அந்த ராத்திரி ஜெயிச்சதுக்கு 10,000 பவுண்டு போனஸ் வேற. கடைசில டேபிள்ல மேல இருக்குற நாலு பேரு மே மாசம் லண்டன் ஓ2 அரங்கத்துல மோதுவாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு யாரும் போன் பண்ணாதீங்கன்னு வீட்டுல சொல்லி வெச்சுட்டேன், அம்மாவுக்கும் சேத்துத்தான்.

ஆளுங்க பேரு சொல்லலையே! லூக் லிட்லர், லூக் ஹம்ப்ரீஸ், கியான் வான் வீன், மைக்கேல் வான் கெர்வன், ஜானி கிளேட்டன், கெர்வின் பிரைஸ், ஸ்டீபன் பன்டிங், ஜாஷ் ராக். என் கேரி ஆண்டர்சன் இல்ல. உலகப் போட்டில வான் கெர்வனை 4-1னு அடிச்சு அரையிறுதி வரைக்கும் வந்த மனுஷனை எடுக்கல, அந்தக் கோவம் எனக்குத் தனியா இருக்கு, அதுல இப்ப இறங்கினா வீடியோ முடியாது.

டார்ட்ஸே தெரியாதவங்களுக்கு வேகமா சொல்லிடறேன். 501ல ஆரம்பிச்சு கழிச்சுக்கிட்டே வரணும், ஒரு தடவைக்கு மூணு அம்பு, கடைசி அம்பு டபுள்ல, அதாவது ரெண்டு மடங்கு தர்ற வெளி வளையத்துல, இல்லைன்னா நட்டநடு புள்ளியான புல்ஸ்ஐல குத்தி சரியா சைபர்ல முடிக்கணும். இதுக்குப் பேரு லெக். உள் வளையம் ட்ரெபிள், மூணு மடங்கு, மூணு அம்பும் ட்ரெபிள் 20ல போனா 180, அதுக்கு மேல கிடையாது. பப்ல குடிச்சிட்டு ஆடுறது, இதெல்லாம் ஒரு விளையாட்டான்னு சொல்றவங்களைக் கண்டா எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். 2.37 மீட்டர் தள்ளி நின்னு, 8 மில்லிமீட்டர் அகலமே இருக்குற வளையத்துல மூணு தடவை சொருகணும், பின்னாடி ஆயிரக்கணக்கான பேரு பாடிட்டு ஆடிட்டு இருப்பாங்க, டபுளுக்கு எறியும்போது வேணும்னே விசில் அடிப்பானுங்க வேற. அந்த விசில் அடிக்கிற ஆளுங்களை அடியோட புடிக்காது எனக்கு. டிக்கெட் வாங்கிட்டு வந்து எதிராளியோட கையை ஆட்டி விடுறதுல என்னய்யா சந்தோஷம்?

சரி, பாயிண்ட் கணக்குக்கு வர்றேன், இங்கதான் மேட்டரே இருக்கு. எங்க லீக்ல ஒரு லெக் ஜெயிச்சா 2 பாயிண்ட், 180 அடிச்சா 3, நூறுக்கு மேல செக்அவுட் பண்ணா, அதாவது மிச்சம் இருக்குற நம்பரை ஒரே தடவைல முடிச்சா 4, 170 செக்அவுட்னா அதுக்கு மேல இன்னொரு 10. 170தான் ஒரே கையில முடிக்கக்கூடிய பெரிய நம்பர், ட்ரெபிள் 20, ட்ரெபிள் 20, புல்ஸ்ஐ. ஒன்பதே அம்புல லெக்கை முடிச்சுட்டா 25. கேப்டனுக்கு எல்லாமே டபுள். இதைப் பாத்ததும் எல்லாரும் என்ன பண்றாங்க, யாரு பெரிய ஆளு, யாரு சும்மா ஊதித் தள்ளுவாரு, அவரை எடு, அவரையே கேப்டனாப் போடு. குரூப்ல முக்கால்வாசிப் பேரு லிட்லர் கேப்டன். எனக்கு அது தப்புன்னு தோணுது, ஏன்னு நோட்டுல போட்டுப் பாத்த கணக்கைச் சொல்றேன்.

முதல்ல ஆறு லெக் எடுக்குறவருக்கு மேட்ச். ஒருத்தரு 6-0ன்னு ஜெயிக்கிறாருன்னு வெச்சுக்கோங்க, லெக்குக்கு 12 பாயிண்ட். ஆறே லெக்ல ஆட்டம் ஓவர், அந்த ஆறு லெக்ல எத்தனை 180 விழுமோ அவ்ளோதான். இன்னொருத்தரு 6-5ன்னு தோக்குறாரு, தோத்தாலும் லெக்குக்கே 10 வந்துடுது, அதுக்கு மேல பதினோரு லெக் போர்டு முன்னாடி நின்னு எறிஞ்சிருக்காரு, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 180க்கும் சரி பெரிய செக்அவுட்டுக்கும் சரி, அவ்ளோ வாய்ப்பு. அப்போ 6-0 ஜெயிச்சவரை விட 6-5 தோத்தவரு ஃபேன்டஸில அதிகமா எடுத்துட்டுப் போக முடியும்! 6-5 ஜெயிச்சாருன்னா இன்னும் கொண்டாட்டம், அரையிறுதில மறுபடி வந்து நிப்பாரு. அதனால நான் தேடுறது சீக்கிரம் முடிக்கிறவரை இல்ல, ரொம்ப நேரம் மல்லுக்கட்டுறவரை.

இதுக்கு நல்ல உதாரணம் நம்ம நிதின் குமார். போன டிசம்பர்ல அலெக்ஸாண்ட்ரா பேலஸ்ல ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2னு ஜெயிச்சாரு பாருங்க, உலகப் போட்டில ஒரு மேட்ச் ஜெயிச்ச முதல் இந்தியர், நான் கத்துன கத்துல மைக் கிழிஞ்ச வீடியோ அது. அடுத்த ரவுண்டுல பன்டிங்கை அஞ்சாவது செட் வரைக்கும் இழுத்துட்டுத்தான் 3-2னு தோத்தாரு (உலகப் போட்டில மூணு லெக் எடுத்தா ஒரு செட்). ரெண்டு மேட்ச்லயும் முழுசா அஞ்சு செட். அங்க 128 பேரு ஆடினாங்க, அந்த மாதிரி பெரிய போட்டில இப்படிப்பட்ட ஆளு விலை கம்மியாத்தான் இருப்பாரு, அவரு குடுக்குற பாயிண்டு பெரிய ஆளுங்களோட சரிக்கு சரி நிக்கும். அதே போட்டில சிங்கப்பூர் பால் லிம், 71 வயசுல ஜெஃப்ரி டி கிராஃபை 3-1னு ஜெயிச்சாரு, உலகப் போட்டில ஜெயிச்சவங்கள்லயே வயசுல பெரியவரு. அவரைப் பத்தி நினைச்சாலே எனக்குக் கண்ணு கலங்கும். 1990ல உலகப் போட்டி வரலாத்துலயே முதல் தடவையா ஒன்பது அம்புல முடிச்சவரும் அவரேதான்.

இப்ப விலைக்கு வரலாம். லிட்லர் 42. ஹம்ப்ரீஸ் 36. வான் வீன் 33.5. வான் கெர்வன் 31. பிரைஸ் 27.5. ராக் 26. கிளேட்டன் 25. பன்டிங் 22.5. என்னோட மூணு பேரு லிட்லர், வான் வீன், கிளேட்டன். 42ம் 33.5ம் 75.5, அதோட 25, மொத்தம் 100.5. அந்த .5ஐப் பாத்தாலே கடுப்பு ஏறுது. வான் வீனுக்கு எதுக்குங்க 33.5? 33ன்னு வெச்சா குடியா முழுகிடும்? போன வருஷம் அந்தப் பையன் உலகப் போட்டி ஃபைனல் ஆடாத ஆளு, அப்ப யாருமே அவருக்கு இந்த விலை சொல்லிருக்க மாட்டாங்க, இப்ப ஹம்ப்ரீஸை காலிறுதில 5-1னு தூக்கி அடிச்சுட்டு ஃபைனல் வரைக்கும் வந்ததும் ஏத்திட்டாங்க. அந்த ஃபைனல்ல லிட்லர்கிட்ட 7-1னு தோத்தாரு, அது வேற.

கிளேட்டனுக்குப் பதிலா பன்டிங்கைப் போடு, 98 தான் ஆகும், ரெண்டு கிரெடிட் மிச்சம்னு குரூப்ல ஒருத்தர் சொன்னாரு. மிச்சத்தை வெச்சு நான் என்ன பண்றது, அடுத்த வாரத்துக்குக் கொண்டு போகவும் முடியாது! பன்டிங் நல்ல மனுஷன், ஆனா எனக்கு கிளேட்டன்தான் வேணும். வேல்ஸ்காரர், சுவர் பூசுற வேலை பாத்துக்கிட்டே டார்ட்ஸ் ஆடி மேல வந்தவரு, 2021ல இதே பிரீமியர் லீக்ல முதல் தடவை இறங்கி ஃபைனல்ல ஜோசே டி சூசாவை 11-5னு அடிச்சுக் கப்பு வாங்கினவரு. அவரு அலட்டிக்கவே மாட்டாரு, எதிராளி என்ன கூத்து அடிச்சாலும் சிரிச்சுக்கிட்டே வந்து டபுளை முடிச்சுட்டுப் போவாரு. பிரைஸ் மாதிரி கத்துறது, போர்டைப் பாத்து கையை முறுக்குறது எனக்கு ஒத்து வராது. பிரைஸ் 2021 உலக சாம்பியன், திறமை இல்லன்னு சொல்லல, என் டீம்ல வேண்டாம், அவ்ளோதான்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. இந்த லீக்ல தினமும் ராத்திரி விலை மாறும், நிறைய பேரு எடுத்தா ஏறும், கம்மி பேரு எடுத்தா இறங்கும். நான் பாத்தேன், கிளேட்டனை யாருமே சீண்டல, எல்லாரும் ராக் பக்கம் ஓடிட்டு இருந்தாங்க. அப்போ இவரு இறங்கணுமே? வான் வீன் ஏறிட்டா கதை கந்தல், அதனால லிட்லரையும் வான் வீனையும் முதல்லயே போட்டு லாக் பண்ணிட்டேன், எடுத்த விலைக்கே நமக்கு நிக்கும். மூணாவது இடத்தை மட்டும் காலியா விட்டுட்டு சந்தை கலையுற நேரத்துல மீனுக்குக் காத்திருக்குற மாதிரி உக்காந்திருந்தேன். நடுராத்திரி பாக்குறேன், 25. மாறல. டீ போட்டுக்கிட்டு வந்து பாக்குறேன், 25. தூங்கிட்டேன். காலைல பல்லு கூட விளக்கல மக்களே, போனைத் தொறந்தா கிளேட்டன் 24.5! இறங்கிடுச்சு! 42, 33.5, 24.5, கூட்டுங்க, நூறு! சரியா நூறு! ஒரு பைசா மிச்சமில்ல, ஒரு பைசா கூடலை, சேவ் பட்டன் பச்சையா வந்துச்சு, அழுத்திட்டேன். ஸ்க்ரீன்ஷாட் இதோ காட்டுறேன், பாருங்க, 100/100. எனக்கு இந்த வருஷத்துல இதுவரைக்கும் இவ்ளோ சந்தோஷம் வேற எதுலயும் வரல.

லிட்லரை ஏன் எடுத்தேன்னு சொல்லலைல்ல, மல்லுக்கட்டுறவர்தான் வேணும்னு அவ்ளோ பேசிட்டு? முக்கால்வாசிப் பேருகிட்ட அவரு இருக்காரு, நான் இல்லாம விட்டா அவரு ஜெயிக்கிற ஒவ்வொரு ராத்திரியும் நான் மட்டும் கீழ போவேன். போன சீசன் டேபிள்ல முதல் இடம் அவருதான், ஓ2 ஃபைனல்ல ஹம்ப்ரீஸ் 11-8னு ஜெயிச்சுட்டாரு, ஆனா நமக்கு பாயிண்டு கணக்கு முழுக்க அந்த வியாழக்கிழமை ராத்திரிங்கதான். அதனால லிட்லர் டீம்ல இருக்கணும். கேப்டன் மட்டும் கிடையாது.

கேப்டன் வான் வீன். போன வருஷம் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் ஃபைனல்ல ஹம்ப்ரீஸை எப்படி ஜெயிச்சாரு? 11-10. கடைசி லெக் வரைக்கும்! இந்த மாதிரி ஆட்டம்தான் எனக்கு வேணும். இதே ஆளு முன்னாடி டார்டைடிஸ் வந்து கஷ்டப்பட்டவரு, அதாவது அம்பு கையை விட்டு வெளிய வராது, எறியணும்னு மனசு சொல்லும் விரல் விடாது, நிறைய பேரோட வாழ்க்கையே அதுல முடிஞ்சிருக்கு. அதுல இருந்து வெளிய வந்து, ஜூனியர் உலக சாம்பியனா ரெண்டு தடவை ஆகி, இப்ப பிரீமியர் லீக்ல முதல் தடவையா இறங்குறாரு. கேப்டன் பட்டையை யாருக்குக் குடுக்குறதுன்னு எனக்கு யோசனையே வரல.

முக்கியமான ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், டீம் பூட்டுற நேரம்! வியாழக்கிழமை முதல் அம்பு எறியுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பூட்டிடுவாங்க, இங்கிலாந்து நேரம், மலேசியா சிங்கப்பூர்ல இருந்து சேர்றவங்க உங்க ஊரு நேரத்துக்கு மாத்திப் பாத்துக்கோங்க, உங்களுக்கு அது வெள்ளிக்கிழமை விடியக்காலைல வந்து நிக்கும். வாரத்துக்கு ஒரு ஆளைத்தான் மாத்தலாம், கேப்டனை எப்ப வேணா மாத்தலாம். இப்ப வான் வீன் 34 ஆயிட்டாரு, நான் சொன்ன அதே மூணு பேரை இன்னிக்கு எடுக்கப் போனீங்கன்னா 100.5 காட்டும். கிளேட்டன் இன்னும் அரை இறங்குறாரான்னு இன்னிக்கு ராத்திரி முழிச்சிருந்து பாருங்க, உங்க மூணு பேரு யாருன்னு கீழ போடுங்க, லிட்லர் கேப்டன்னு போட்டீங்கன்னா காரணமும் சேத்து எழுதுங்க.