சந்தேகங்களுக்கு விளக்கம்: குழந்தைகளுக்கான பணத்தைச் சேர்ந்து கேட்பது எப்படி?

வணக்கம். போன முறை குழந்தைகளுக்கான பட்ஜெட் பற்றிப் பேசியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மத்திய அரசு குழந்தைகளுக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்று காட்டும் அறிக்கை எங்கே கிடைக்கும் என்றுதான் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மத்திய பட்ஜெட்டின் செலவு விவரத் தொகுதியில் 12-வது அறிக்கை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அது முடிந்தது.

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு நேயர் கேட்டதுதான் இரண்டு நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. அவர் எழுதுகிறார்: “எங்கள் வட்டாரத்தில் குழந்தைகளுக்காக ஏழெட்டு அமைப்புகள் வேலை செய்கிறோம். ஒருவர் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை, ஒருவர் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், நாங்கள் அங்கன்வாடி. வருஷா வருஷம் ஆளுக்கொரு மனு கொடுக்கிறோம். குழந்தைகளின் உரிமைகளுக்கு அரசு கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று ஒரே குரலில் கேட்பது எப்படி?”

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது தயவு கேட்கிற விஷயம் கிடையாது. குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. அதன் 4-வது பிரிவு, கையில் இருக்கிற வளங்களில் முடிந்த உச்ச அளவுக்கு அரசு செய்தாக வேண்டும் என்கிறது. 2016-ல் இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவே பட்ஜெட்டுக்கென்று தனியாக 19-வது பொதுக் கருத்துரையை வெளியிட்டது. மனுவின் முதல் வரியில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்புறம், “கூடுதலாக” என்ற சொல்லுக்கு வருகிறேன். எனக்கு இடிக்கிறது அங்கேதான். குழந்தைகளுக்கான தனி அறிக்கையை மத்திய பட்ஜெட்டில் முதன்முதலாகச் சேர்த்தது 2008-09-ல். அன்றைக்கு 33,434 கோடி ரூபாய். 2023-24-ல் அது 1,03,791 கோடி. மூன்று மடங்குக்கும் மேல்! கூடுதல்தானே? ஆனால் 2008-09-ல் மொத்தச் செலவில் அது 4 சதவீதத்துக்கும் மேல். 2023-24-ல் ஏறக்குறைய 2.3 சதவீதம். இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: 2015-ல் 14-வது நிதிக்குழு மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் போகும் பங்கை 32-லிருந்து 42 சதவீதமாக உயர்த்தியது, அதோடு சேர்த்துப் பல திட்டங்களின் சுமையும் மாநிலங்கள் பக்கம் நகர்ந்தது. அதனால் சரிவு முழுவதையும் டெல்லியின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும், “கூடுதலாகக் கொடுங்கள்” என்று நீங்கள் கேட்டால், “கொடுத்தோமே” என்று அவர்கள் சொல்ல எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள்.

இனி முட்டைக் கணக்கு. வழக்கமாகப் பார்ப்பவர்கள் சிரிப்பீர்கள், இவர் மறுபடியும் முட்டைக்கு வந்துவிட்டார் என்று. வராமல் என்ன செய்வது? தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை 1989-ல் வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998-ல் வாரம் ஒன்று. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் ஐந்து. இது ரூபாயில் போட்ட வாக்குறுதி அல்ல, முட்டையில் போட்டது. நாமக்கல்லில் விலை ஏறினால் டெண்டரில் ஏறும், நிதித்துறை கட்டும். பிள்ளையின் தட்டில் முட்டை சிறுத்துப்போகாது. சரிபார்க்கத் தணிக்கையாளரும் வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் அம்மா “இன்னிக்கு முட்டை போட்டாங்களா?” என்று கேட்டால் போதும்.

ரூபாயில் போட்டதற்கு என்ன ஆயிற்று? அங்கன்வாடியில் ஒரு குழந்தையின் ஊட்டச்சத்துக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது 2017-ல். அதன் பிறகு பருப்பும் எண்ணெயும் என்ன விலைக்குப் போயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 பிப்ரவரி பட்ஜெட் உரையில்தான் இந்தத் தொகை “தக்கபடி” உயர்த்தப்படும் என்றார்கள். தக்கபடி!

பள்ளி மதிய உணவுக் கதை இன்னும் சுவாரசியம். தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒருவருக்கான ஒரு நாள் சமையல் செலவு 2009-10-ல் 2 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 7.5 சதவீதம் கூட்ட வேண்டும் என்று அப்போது முடிவெடுத்தார்கள். 2.69, 2.89, 3.11, 3.34 என்று ஒவ்வொரு ஆண்டும் ஏறிக்கொண்டே போயிற்று. எந்த அமைப்பும் கொடி பிடிக்கவில்லை, யாரும் மனு எழுதவில்லை. விதி தன் பாட்டுக்கு வேலை செய்தது. பிறகு அந்த ஒழுங்கு போய்விட்டது. 2020 ஏப்ரலில் 4.97 ஆன தொகை 2022 அக்டோபர் வரை அசையவில்லை. அப்போது 5.45 ஆகி, அடுத்து 2024 டிசம்பரில்தான் 6.19. நடுவில் இரண்டிரண்டு வருஷம் சமையல்காரம்மாதான் சமாளித்தார். சாம்பாரில் தண்ணீர் கூடியிருக்கும், வேறென்ன?

அதனால் என் கட்சி இது: சேர்ந்து கேட்பது என்றால் தொகையைக் கேட்காதீர்கள். பொருளைக் கேளுங்கள், இல்லையென்றால் விதியைக் கேளுங்கள். இன்றைக்கு நீங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறீர்கள், இரண்டு வருஷம் கழித்து இருப்பீர்களா என்பது தெரியாது. விதி இருக்கும்.

சரி, அந்த ஏழெட்டுப் பேரை எப்படிச் சேர்ப்பது? ஒரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. பட்ஜெட்டுக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டம், ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஒவ்வொருவரும் கோரிக்கைப் பட்டியலை ஓட்டமாக வாசித்தோம். ஒருவர் அழகாக அச்சடித்த புத்தகமே கொண்டுவந்திருந்தார். அதிகாரி பொறுமையாகக் கேட்டு, எல்லாம் நியாயம், பரிசீலிக்கிறோம் என்றார். வெளியே வரும்போது பிரிவு எழுத்தர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “சார், இதை எந்தக் கணக்குத் தலைப்புல போடணும்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா நான் இன்னிக்கே குறிப்பு எழுத ஆரம்பிச்சிருப்பேன்.” கணக்குத் தலைப்பு என்றால், பட்ஜெட்டில் ஒவ்வொரு செலவும் எழுதப்படுகிற தனி வரி.

சீட்டுப் பிடிப்பது போல வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் உழைப்பைப் போட வேண்டும், ஆனால் இந்த வருஷம் ஒருவருடைய கோரிக்கைதான் எடுக்கும். அடுத்த வருஷம் அடுத்தவருடையது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு வேலை செய்பவரும் இந்த வருஷம் முட்டைக்குக் கையெழுத்துப் போடுவார். அடுத்த வருஷம் அவர்களுடைய போக்குவரத்துச் செலவுக்கு நீங்கள் போய் நிற்க வேண்டும். முதல் சீட்டை எடுத்தவர் அப்புறம் காணாமல் போவதுதான் இதில் பெரிய தொல்லை. அதனால் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டளவில் இது நடந்திருக்கிறது. 2001-ல் உணவு உரிமை வழக்கு. கிடங்குகளில் தானியம் புழுத்துக்கொண்டிருந்தபோது ராஜஸ்தானிலிருந்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. நவம்பர் 28-ல் இடைக்கால உத்தரவு: அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரி, ஆண்டில் 200 நாள். மீண்டும் பாருங்கள், ரூபாய் இல்லை. சில மாநிலங்கள் அசையவில்லை. 2002 ஏப்ரல் 9-ம் தேதி பல மாநிலங்களில் ஒரே நாளில், பொது இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அரசுகளைக் கூச்சப்பட வைத்தார்கள். தலித் அமைப்புகள், பெண்கள் அமைப்புகள், ஆசிரியர்கள் என்று ஆளுக்கொரு கொள்கை இருக்கலாம். அன்றைக்குத் தட்டு ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே மாதிரிதான். 1998-ல் குழந்தை உதவித்தொகை 7 வயதுக்குக் குறைவானவர்களுக்கு மட்டும். அங்கிருந்த அமைப்புகள் வயது என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றன. 2005-ல் 14, 2012-க்குள் 18 வரை போய்விட்டது.

திண்டுக்கல் நேயருக்கு: பள்ளியில் வாரம் ஐந்து முட்டை, அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேல் மூன்று. ஏன்? உங்கள் முதல் சீட்டு இதுவாக இருக்கலாம். சமூக நலத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை எடுங்கள். குழந்தைகள் எண்ணிக்கை அதிலேயே இருக்கும், வாரத்துக்குக் கூடுகிற இரண்டு முட்டையால் பெருக்குங்கள், பிறகு வருஷத்தின் வாரங்களாலும் முட்டை விலையாலும் பெருக்குங்கள். கணக்குத் தலைப்பு, துறைவாரியாகச் செலவைப் பட்டியலிடும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் கிடைக்கும். பக்கத்திலேயே போன ஆண்டின் திருத்திய மதிப்பீடும் இருக்கும். ஒதுக்கியதில் செலவாகாமல் நின்றது இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பேரம் பேச உதவும். ஜனவரியில் போகாதீர்கள். துறைகள் செப்டம்பர், அக்டோபரிலேயே கணக்குப் போடத் தொடங்கிவிடும். பட்ஜெட் வாசிக்கிற மாதத்தில் கொடுக்கிற மனு அடுத்த வருஷத்துக்குத்தான் உதவும். பெருக்கி வந்த தொகையை எனக்கு எழுதுங்கள், சரியா என்று இங்கேயே போட்டுப் பார்ப்போம்.

அடுத்த கேள்வி, சத்துமாவு பற்றி ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.